அண்ணியின் ஃபோல்டர்

அத்தியாயம் பதினொன்று

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மனைவி இன்னும் திரும்பவில்லை. போகும்போது அவள் கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட நம் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பதிலுக்கு அவனும் நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். அவளோ சத்தமே இல்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அப்படிப் போகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

சண்டை ஸ்டோர் ரூமால் வந்தது. அதன் சுவர்களில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு, கண் தெரியாத மாணவர்களுக்காக அவள் பாடப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள். தலையணை தடிமனுக்கு ஒரு சட்டப் புத்தகம். ஒரு நூலகம் அவளை நம்பிக் கொடுத்த வேலை. வாசிப்பின் நடுவே இவன் கதவைத் தள்ளிக்கொண்டு போய், ஸ்பானர் காணோம் என்று கத்தி, அது போதாதென்று, "அலமாரிக்குள்ள உட்கார்ந்து போர்வைகிட்ட பேசறதெல்லாம் ஒரு வேலையா?" என்றும் கேட்டுவிட்டான். அதுவும் தன் தங்கையை வைத்துக்கொண்டு.

அன்றைக்குப் போனவள்தான். இவனும் போன் செய்யவில்லை. அவளே செய்யட்டுமே என்று முறுக்கிக்கொண்டு இருந்தான்.

"அண்ணா, அந்த சாஃப்ட்வேர் எங்க இருக்கு? காணோமே."

காலை டீயை வாயில் வைத்தவனுக்குப் புரையேறியது.

அப்பா அம்மா போன பிறகு தங்கை இவர்களோடுதான் இருக்கிறாள். இன்று மதியம் அவளுக்குத் தேர்வு. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேலைக்காக. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் அனுப்பி, முன்கூட்டியே ஏற்றிச் சரிபார்த்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். எழுதும் நேரமெல்லாம் கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் எழுந்தாலோ, கம்ப்யூட்டர் அணைந்தாலோ அதோடு சரி. மறுபடி எழுத விடமாட்டார்கள்.

கடை வேலைக்கும் போய்க்கொண்டு, வந்து படித்துக்கொண்டும் இருந்த பெண், ஏற்றும் பொறுப்பை அண்ணனிடம் விட்டிருந்தாள். வாரம் முழுக்கக் கேட்டாள். "ஆச்சு, ஆச்சு" என்றே இவனும் சொல்லி வந்தான்.

ஆகவில்லை. ஒரு தடவை முயன்றான். ஏதோ ஒரு பெட்டி வந்து ஏதோ சொன்னது. இதையெல்லாம் எப்போதும் பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி. அவளைக் கேட்பதற்கு வாய் வராமல், நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்தான். அந்த நாளை இன்றுதான்.

"இல்லையே, ஏத்தினேனே," என்றான்.

தங்கை அவனைப் பார்த்தாள். கூடப் பிறந்தவளிடம் பொய் எவ்வளவு நேரம் நிற்கும்?

"ஏத்தலையா அண்ணா?"

"இப்ப ஏத்திடறேன். ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன், இதை ஓட வைக்க மாட்டேனா? நீ போய்ப் படி."

போனாள். திட்டவில்லை. போன வாரத்திலிருந்து இந்த வீட்டில் யாருமே அவனைத் திட்டுவதில்லை.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சாஃப்ட்வேரை அமுக்கினான். பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றது. பெட்டி வந்தது. டிஸ்கில் இடம் போதவில்லையாம்.

அட, இவ்வளவுதானா என்று அவனுக்குத் தெம்பு வந்தது. இடம் போதவில்லை என்றால் எதையாவது எடுத்து வெளியே போட வேண்டியதுதானே. முதலில் தன் சினிமாக்கள் இருந்த இடத்தைத் திறந்தான். பார்த்த படங்களில் சிலதை அழித்தான். பார்க்காத படங்கள் நிறைய இருந்தன. அவற்றில் கை வைக்க மனசு வரவில்லை. லீவு நாளில் ஆகும் என்று விட்டுவிட்டான்.

மறுபடி அமுக்கினான். இடம் போதவில்லை.

எது பெரிதென்று தேடிப் பார்த்தால், எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. 'வாசிப்பு' என்று பெயர். மனைவியுடையது.

உடனே அழித்துவிடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றைத் திறந்து கேட்டான். அவள் குரல். சட்டத்தில் ஏதோ ஒரு பிரிவு. இரண்டு வரி வாசித்தாள், தடுக்கினாள், கையைத் தட்டினாள். ஒரே ஒரு தட்டு. மறுபடி அதே வரி. கொஞ்ச தூரம் போய் மறுபடி தட்டு, மறுபடி வாசிப்பு. இன்னொன்றைத் திறந்தான். அதிலும் இருமல், தட்டு, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவதில் தூரத்தில் ஓர் ஆம்பளைக் குரல், "டவல் எங்க வச்சே?" என்று கத்தியது. இவன் குரல்தான். அவள் பேசாமல் இருந்தாள். அந்த மௌனமும் பதிவாகியிருந்தது. பிறகு தட்டு. பிறகு எதுவுமே நடக்காத மாதிரி அதே வரியை நிதானமாக வாசித்தாள்.

சட்டென்று மூடினான்.

எல்லாம் ஒத்திகை, தப்பும் தவறுமாக வாசித்துப் பழகியது, நல்லதையெல்லாம் எப்போதோ அனுப்பியிருப்பாள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அப்படித்தான் நினைத்தானா, இல்லை தன் குரலை அப்படிக் கேட்கச் சகிக்காமல் செய்தானா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவனுக்கே விளங்கவில்லை. அழி என்றான். இது குப்பைத்தொட்டியில் அடங்காது, ஒரேயடியாகப் போய்விடும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்காவது அந்த நிதானம் இருந்தது. பரவாயில்லை என்று அமுக்கினான்.

இப்போது கோடு முன்னைவிட அதிக தூரம் ஓடியது. வெற்றி என்று நாற்காலியில் சாய்ந்தபோது அடுத்த பெட்டி வந்தது. ஏற்ற வேண்டுமானால் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும்.

அதை வைத்தவள் மனைவி. கண்டுபிடித்துவிடலாம் என்று தன் பெயரைப் போட்டான். இல்லை. தன் பெயரோடு அவள் பெயரைச் சேர்த்துப் போட்டான். கல்யாண நாளைப் போட்டான். தேதி தப்போ என்று சந்தேகம் வந்து வேறு தேதியும் போட்டுப் பார்த்தான். நல்லவேளை, அதைப் பக்கத்திலிருந்து பார்க்க மனைவி இல்லை.

"அண்ணிக்கு போன் பண்ணு அண்ணா," என்றாள் தங்கை, வாசற்படியில் நின்றுகொண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "அண்ணி ஒண்ணும் என்மேல கோபத்துல போகல. எனக்காகக் கேளு."

வெட்கத்தை விட்டு போனை எடுத்தான்.

"சொல்லுங்க," என்றாள் மனைவி. கோபமும் இல்லை, குழைவும் இல்லை.

"அது வந்து... கம்ப்யூட்டர்ல..."

"தேர்வு சாஃப்ட்வேரா?"

"ம்."

"இன்னுமா ஏத்தல?" அவள் உட்காரும் சத்தம் கேட்டது. "சரி. போனை அவகிட்ட குடுத்துட்டு எழுந்திருச்சுடாதீங்க. அவ படிக்கட்டும். நீங்களே உட்காருங்க. என்ன வந்திருக்கு, அப்படியே படிங்க."

படித்தான்.

"கீழ சின்ன எழுத்துல ஒண்ணு இருக்குமே. அதையும் படிங்க."

"அது எதுக்கு, ஏதோ நம்பர்."

"அதுலதான் விஷயமே இருக்கு. படிங்க."

படித்தான். பாஸ்வேர்டைச் சொன்னாள். கம்ப்யூட்டர் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்திருந்த நம்பர்தான். அதில் இவனும் இல்லை, கல்யாண நாளும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு அடுத்த பெட்டியை நீட்டியது கம்ப்யூட்டர். இந்த சாஃப்ட்வேர் ஏற்கெனவே இருக்கிறதாம், ஏற்ற முடியாதாம்.

"எங்க இருக்கு? அது இருந்தா நான் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கேன்?"

"எத்தனை தடவை அமுக்கினீங்க?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"பெட்டி வரவர அமுக்கினேன்."

மனைவி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் வந்த சிரிப்பு. "பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா லிஃப்ட் சீக்கிரம் வந்துடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே. பாதி பாதியா ஏறி நிக்குது. எல்லாத்தையும் எடுத்துட்டு முதல்லேர்ந்து வருவோம். பயப்படாதீங்க, நேரம் இருக்கு."

வருவோம் என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் சொல்லச் சொல்ல இவன் செய்தான். பாதியில் நின்றதை நீக்கினான், ரீஸ்டார்ட் செய்தான், ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தான். எந்த இடத்தில் எந்தப் பட்டன் இருக்கிறது என்று பார்க்காமலே சொன்னாள். அவசரப்பட்டு இரண்டு படி முன்னால் ஓடினால் போனிலேயே கண்டுபிடித்து இழுத்து நிறுத்தினாள். பச்சைக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. காத்திருக்கும்போது எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்.

"சாப்பிட்டீங்களா?"

"ம். நீ?"

"ஆச்சு. முட்டி வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல." பரவாயில்லை என்பது பொய். அவள் கேட்டதே போதும் என்று இருந்தது.

"ஆமா, இடம் எப்படிப் பத்துச்சு? டிஸ்க் நிறைஞ்சு கிடந்ததே."

இவன் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

"கொஞ்சம் படத்தையெல்லாம் அழிச்சேன்."

"உங்க படத்தையா?" அவள் குரலில் நிஜமான ஆச்சரியம். "தங்கச்சின்னா படத்தைக்கூட அழிப்பீங்க போல. பரவாயில்லையே."

கோடு ஓடி முடிந்தது. இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று பெட்டி சொன்னது. தங்கை ஓடி வந்து போனைப் பிடுங்கி, "அண்ணி, நீங்க இல்லன்னா நான் அவ்வளவுதான்," என்றாள். போன் மறுபடி இவன் கைக்கு வந்தபோது மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு விஷயம். வாசிப்பு ஃபோல்டர் இந்த வாரம் நூலகத்துக்குப் போயாகணும். ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. சாயங்காலம் நான் வரேன். அக்கா பையனோட டிஸ்கை வாங்கிட்டு வந்து காப்பி எடுத்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம்... அந்தப் பாடத்தை அங்கேயே இருந்து முடிச்சுடலாம்னு பார்க்கறேன். இங்க எக்கச்சக்க சத்தம்."

திரும்பி வருகிறாள். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை, மன்னிப்புக் கேள் என்றும் கேட்கவில்லை. சத்தம் அதிகம் என்று ஒரு சாக்கு வைத்து, இவனைத் தலைகுனிய விடாமல் வருகிறாள்.

"ம்," என்றான் இவன்.

"அவ்வளவுதானா?"

"வா," என்றான். அவள் போனை வைத்தாள்.

இவன் மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தான். காப்பி எடுக்கத் தனியாக ஒரு டிஸ்க் வேண்டும் என்று அவள் கேட்டதும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு மாதமும் இவன் சொன்னதும் ஞாபகம் வந்தன. அவள் எதையும் எங்கும் அனுப்பியிருக்கவில்லை. இருந்தது அந்த ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்தான். அழித்த ஃபோல்டர் திரும்பி வருமா?

"வர வாய்ப்பிருக்கு சார்," என்றார் கடைக்காரர். "அழிச்சாலும் சரக்கு உள்ளதான் கிடக்கும். பேர்ப்பலகையை மட்டும் கழட்டின மாதிரி. ஆனா அந்த இடத்துக்கு வேற எதுவும் குடிவந்திருக்கக் கூடாது. அழிச்ச பிறகு ஏதாவது ஏத்தினீங்களா?"

"ஒரு சாஃப்ட்வேர் ஏத்தினேன்."

"அச்சச்சோ. சரி, போனது போகட்டும், மிச்சம் இருக்கிறதையாவது பார்ப்போம். இப்பவே கரண்டைப் பிடுங்கிட்டு அப்படியே கொண்டு வாங்க. ஓட ஓட அது மேல எழுதிக்கிட்டே போகும். முக்கியமா வீடியோ, கேமரா ஏதாவது பதிவாகிட்டு இருந்தா சுத்தமா போயிடும்."

உள்ளே எட்டிப் பார்த்தான். தங்கை தலைவாரி, கேமரா முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் எதையும் தொடலாம். புதிதாக வருகிற ஆட்களுக்கெல்லாம் இவனே தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக் கொடுப்பான். மனைவியிடம் ஒரு வார்த்தை, இது என்ன என்று காலையிலேயே கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு போன் போதும். எப்படியும் பிறகு போன் செய்யத்தானே செய்தான்? அந்த வீம்பை நினைத்து இப்போது மனசு ஆறவில்லை.

மறுபடி அவளை அழைத்தான்.

"ஆரம்பிச்சுட்டாளா?" என்றாள்.

"இப்பதான் ஆரம்பிக்கறா." குரலைத் தாழ்த்தினான். "நான் அழிச்சது படத்தை இல்ல. படமும் கொஞ்சம் அழிச்சேன். அப்புறம் உன் ஃபோல்டரை அழிச்சுட்டேன்."

அக்கா வீட்டில் எங்கேயோ ஒரு குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"எந்த ஃபோல்டரை?" என்றாள். தெரிந்துகொண்டே கேட்டாள்.

"வாசிப்பு."

"திறந்து பார்த்தீங்களா?"

"கேட்டேன். மூணு கேட்டேன். எல்லாத்துலயும் தப்பு தப்பா படிச்சு, கை தட்டி, மறுபடி படிச்சிருந்தே. ஒத்திகைன்னு நினைச்சேன்."

"தப்பு வர்ற இடத்துல தட்டுவோம்," என்றாள். குரல் உடையவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "தட்டினா கம்ப்யூட்டர்ல அந்த இடம் மட்டும் கோடு மாதிரி உசந்து தெரியும். கடைசியில அதைப் பார்த்துப் பார்த்து வெட்டி எடுப்போம். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. நீங்க ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்ல, அது என்ன தட்டறேன்னு."

கேட்டதில்லைதான்.

கடைக்காரர் சொன்னதைச் சொன்னான். கரண்டைப் பிடுங்கினால் பாதியாவது பிழைக்கும். தேர்வு முடியும்வரை ஓடினால் கேமராவில் பதிவாகிறது எல்லாம் அதன் மேல் ஏறிவிடும்.

"சொல்லு," என்றான். "நீ சரின்னா இப்பவே போய்ப் பிடுங்கிடறேன்."

சொல்லும்போது பெரிய தியாகம் செய்வது போலத்தான் இருந்தது அவனுக்கு. உள்ளே தங்கை முதல் கேள்வியைப் படித்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள். கேமரா ஞாபகம் வந்து கையைக் கீழே போட்டாள்.

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அவ எழுதட்டும்," என்றாள் கடைசியில்.

"நிஜமாவா?"

"வேற என்ன சொல்ல முடியும் என்னால? பிடுங்குங்கன்னு சொல்ல முடியுமா? அது உங்களுக்கும் தெரியும்ல?" இப்போதுதான் குரல் நடுங்கியது. "உங்களுக்கே தெரிஞ்ச பதில். அதையும் என் வாயால சொல்ல வச்சுட்டீங்களே."

போன் அணைந்தது.

அதற்குப் பிறகு அவன் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிஷம்கூட நிம்மதி வரவில்லை. அவள் சொன்னது சரி. முடிவெடுத்துவிட்டு, நான் எடுத்திருக்கிறேன், தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அழித்ததும் இவன், விட்டுக்கொடுத்தது அவள் என்று ஆக்கிவிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான் ஆக்கி வந்திருக்கிறான். வீட்டைப் பெரிதாக்க வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான், வேலையை விட்டுவிடுகிறேன் என்றவளும் அவள்தான். எல்லாம் அவள் வாயால் வந்தவை. அந்த வார்த்தைகளை வரவழைத்தது யார் என்று இவன் யோசித்ததே இல்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது உள்ளே நாற்காலி நகர்ந்தது. தங்கை முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"அண்ணா, சூப்பரா எழுதியிருக்கேன். ஒரு தடவைகூட நிக்கல, சும்மா வழுக்கிட்டுப் போச்சு. கண்டிப்பா கிடைக்கும்."

"நல்லது," என்றான். நிஜமாகவே நல்லது. அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் வலித்தது.

"அண்ணிகிட்ட நான்தான் முதல்ல சொல்லுவேன்." அவன் தடுப்பதற்குள் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "அண்ணி, முடிச்சுட்டேன்."

"நல்லா எழுதினியா?" மனைவியின் குரல் தெளிவாக, அன்பாகவே வந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து பேசும் குரல்.

"ரொம்ப நல்லா. எல்லாம் உங்களால. நீங்க சாயங்காலம் வர்றீங்கன்னு அண்ணன்கிட்ட சொன்னீங்கல்ல, நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன். எத்தனை மணிக்கு வர்றீங்க?"

அந்தப் பக்கம் ஒரு கதவை மெதுவாகச் சாத்தும் சத்தம் வந்தது.

"உங்க அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கான். ஏன் அண்ணி?"

"வருவேனா, மாட்டேனான்னு அவரைக் கேளு. ஏன்னும் கேளு. இந்த ஒரு தடவை அவரே சொல்லட்டும்."

தங்கை சிரிப்பு மாறாமலே, ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, போனை அவன் பக்கம் நீட்டினாள்.